வெண்ணெய் சந்தைக்கு, மோர் வீட்டுக்கு

செப்டம்பர் 14, 2024, சனி. காசில்பார்

அயர்லாந்து என்றதும் கடலோரக் குன்று, இடிந்த கோட்டை, கண் போகிற தூரம் பச்சை என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஊர் திரும்பிப் போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தால் முக்கால்வாசி அடுப்பும் மாவுப் பாத்திரமும்தான். குன்றைப் பார்க்கப் போன அன்று மேகம் இறங்கிக் குன்றையே காணவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு பாட்டி. அவரைப் பற்றி அப்புறம்.

தங்கை மேற்கே மேயோ கவுண்டியில் நர்ஸ். நாலு வருடமாக "எப்பக்கா வர்றே?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். வந்த அன்று ரசம் சோறு, தூக்கம். எழுத வேண்டியது ஒரே ஒரு அசட்டுத்தனம். சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தால் அட்டைப்பெட்டியில் ஒரு லிட்டர் மோர். அட, இங்கேயும் மோரா என்று டம்ளரில் ஊற்றி, உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு மடக்குக் குடித்தேன். இட்லி மாவு மாதிரி கெட்டி, பல்லைக் கூசவைக்கும் புளிப்பு.

"அது குடிக்கறதுக்கு இல்லக்கா, ரொட்டி சுடறதுக்கு" என்று தங்கை சிரித்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் இன்னும் குடிப்பாராம். கடை மோர் வெண்ணெய் கடைந்து மிஞ்சியதும் இல்லை. கொழுப்பு எடுத்த பாலை உறைஊற்றிப் புளிக்கவைத்தது. நம்மூர்ப் பாக்கெட் மோரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு. டர்லக்

காசில்பாருக்குப் பக்கத்தில் டர்லக் என்ற ஊரில் தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவு இருக்கிறது. 2001-இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பதினொன்றரைக்கே போய் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று வாசலில் போட்டிருந்தது. இணையத்திலும் போட்டிருந்ததாம். பார்க்காதது நான்தான்.

மழை என்று சொல்ல முடியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. துளி விழுவது தெரியாது, பத்து நிமிடத்தில் சட்டை நனைந்திருக்கும். நாயோடு நடந்துபோன ஒருவர் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, "மெத்தென்ற நாள்" என்றார். இந்தத் தூறலுக்கு இங்கே அப்படித்தான் பெயர். மெத்தென்ற நாளில் காருக்குள் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். கண்ணாடி முழுக்க ஆவி.

உள்ளே 1850-லிருந்து 1950 வரையிலான கிராமத்து வீட்டுச் சாமான்கள். வைக்கோலிலும் வில்லோ மரத்து மிலாறிலும் அவர்கள் பின்னாத பொருளே இல்லை: கூடை, கோழிக்கூடு, நாற்காலி. அடுப்புச் சாமான்கள் பக்கம்தான் தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று கால் வைத்த கனமான வார்ப்பிரும்புச் சட்டி, தட்டை மூடி.

"அக்கா, தம் பிரியாணி!"

அதேதான். சட்டியைத் தணலுக்கு மேலே தொங்கவிட்டு, உள்ளே மாவை வைத்து மூடி, மூடியின் மேலும் தணலைப் பரப்புவார்கள். மேலும் கீழும் சூடு. அடுப்பங்கரைச் சுவரில் ஓவன் கட்ட வசதியில்லாத வீட்டுக்கு இதுவே ஓவன். மேயோவில் இதை வெறும் ஓவன் என்கிறார்கள். தெற்கே கெர்ரி, கார்க் பக்கம் பாஸ்டிபிள். இங்கிலாந்தில் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரிலிருந்து வந்த சட்டி, பெயர் வாய்க்கு வாய் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது என்கிறார்கள்.

எரித்தது விறகு இல்லை. மரமே அரிது. சதுப்பு நிலத்தை நீளமான கட்டிகளாக வெட்டி, கோடை முழுக்கத் திருப்பித் திருப்பி அடுக்கிக் காயவைத்த டர்ஃப். நம் வறட்டி மாதிரி நிதானமாகக் கனலும், படபடவென்று எரியாது. வெட்டுகிற மண்வெட்டிக்கு ஓரத்தில் ஒரு சிறகு இருக்கும், அதற்கு ஸ்லான் என்று பெயர்.

செப்டம்பர் 16, திங்கள். லாக் கான் ஏரிப் பக்கம்

இனி பாட்டி. தங்கையோடு வேலை செய்யும் ஒரு நர்ஸின் மாமியார். 82 வயது. பெயர் வேண்டாம், பாட்டி என்றே எழுதுகிறேன், அவரே அப்படித்தான் கூப்பிடச் சொன்னார். என்னை அவர் பெட் என்றார். முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. வளர்ப்பு நாய் பூனைக்குச் சொல்வது இல்லையா? "செல்லம்னு அர்த்தம்க்கா, என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் தங்கை.

உள்ளே போனதும் டீ குடிக்கிறாயா என்றார். வேண்டாம் என்றேன். தங்கை மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். "ஒரு வாய்?" வேண்டாங்க, சிரமம் எதற்கு. "கெட்டில் சூடாத்தான் இருக்கு." சரி, கொஞ்சம். மூன்றாவது முறைதான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விதி. அந்த விதி தெரியாமலே நான் சரியாக நடந்துகொண்டேன். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

"ஒரு கேக் போடுகிறேன்" என்று எழுந்தார். முட்டை, சர்க்கரை வரும் என்று பார்த்தேன். வந்தது முழுக்கோதுமை மாவு, வெள்ளை மாவு, உப்பு, ஒரு சின்ன டப்பா. இங்கே பழைய ஆட்களுக்கு வட்டமாகச் சுட்ட ரொட்டி எல்லாம் கேக். கடையில் வெட்டி விற்பதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

டப்பாவில் இருந்தது நம் ஆப்ப சோடா. அதனால்தான் இது சோடா ரொட்டி. ஒரு தேக்கரண்டி, தலை தட்டியது. அதை உள்ளங்கையில் கொட்டி இன்னொரு கை விரலால் நுணுக்கினார். கட்டி தங்கினால் ரொட்டியில் மஞ்சள் பச்சைத் திட்டு விழும், சோப்பு வாடை அடிக்கும் என்றார். நாலு கை மாவுக்கு இவ்வளவு, ஈரமான நாளில் மோர் கொஞ்சம் குறைவாக. அளவு கேட்ட தங்கைக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். அவள் பின்னால் நின்று எடை போட்டுப் பார்த்ததில் மாவு சுமார் அரைக் கிலோ, மோர் நானூறு மில்லி. மாவுக்கு நடுவில் குழி. மோர் முழுவதும் ஒரே ஊற்றாக. விரல்களை விரித்து விறைப்பாக வைத்து, பாத்திரத்தில் நாலைந்து சுற்று. மாவுத் தூளெல்லாம் ஈரமானதும் பலகையில் கவிழ்த்து, தட்டி வட்டமாக்கி, மேலே கத்தியால் விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரு சிலுவை, நாலு கால் பகுதியிலும் ஒரு குத்து. ஓவனுக்குள் போய்விட்டது. கையைக் கழுவக்கூட இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா?

சிலுவை எதற்கு? "குட்டிச்சாத்தான் வெளியே போக." அவர் மகன் பக்கத்து அறையிலிருந்து, "நடுவில் சூடு போக" என்றார். பாட்டி, "ரெண்டும் போகட்டுமே" என்றார்.

அடுத்தது என் முறை. இங்கேதான் வந்தது வினை. மாவைப் பார்த்ததும் கை தானாக அழுத்த ஆரம்பித்துவிட்டது. சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய முப்பது வருடக் கை. உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி, பந்து வழுவழுவென்று வரட்டும் என்று நான் மும்முரமாக இருக்க, பாட்டி கையைப் பிடித்துவிட்டார். "பிசையாதே, பெட்! அதைத் தனியா விடு!"

ஈஸ்ட் ரொட்டிக்குப் பிசைய வேண்டும், இழுவை வேண்டும், ஊற வேண்டும். அயர்லாந்தின் ஈரக் காற்றில் விளையும் கோதுமை மென்மையானது, பசை குறைவு. ஈஸ்ட்டுக்கு அவ்வளவு தோது இல்லை. சோடா வேறு மாதிரி. மோரின் புளிப்பு பட்ட நொடியே வாயு கிளம்பிவிடும். நாம் பிசைந்துகொண்டே நின்றால் அது நம் கண்முன்னே போய்க்கொண்டிருக்கும், மாவும் இறுகிவிடும்.

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு ரொட்டியும் வெளியே வந்தன. பாட்டி தன்னுடையதைத் திருப்பி அடியில் விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்று வெற்றுப் பானை சத்தம். என்னுடையதைத் தட்டினால் அம்மிக்கல் சத்தம். அதைக் கோழிக்குப் போட்டார். கோழிகளும் கொஞ்சம் யோசித்தன.

அவர் ரொட்டியைத் துணியில் சுற்றி ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்தார், மேல்தோல் மெத்தென்று ஆக. ஆறியதும் தடிமனாக வெட்டி, வெண்ணெயைப் பூசவில்லை, வைத்தார். கடித்தால் வெண்ணெயில் பல் தடம் தெரிய வேண்டுமாம். லேசான புளிப்பு, தவிட்டு வாசனை, நடுவே ஈரம். நான் மூன்று துண்டு. எண்ணிக்கொண்டிருந்த தங்கை நாலு என்கிறாள்.

செப்டம்பர் 17, செவ்வாய். அதே சமையலறை

டிவியில் உழவுப் போட்டி. லீஷ் கவுண்டியில் ரதனிஸ்கா என்ற இடத்தில் இன்று முதல் மூன்று நாள், தேசிய அளவில். பாட்டியின் மகன் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டார். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் என்றார்கள். ரொட்டி சுட எனக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்டு வந்திருந்தேன்.

இந்தத் தடவை கையைக் கட்டுப்படுத்தினேன். மாவு அவலட்சணமாக, மேடும் பள்ளமுமாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றார். வெந்து வந்ததும் தட்டச் சொன்னார். டொக். அவர் தலையை ஆட்டிய விதத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானது மாதிரி இருந்தது.

மதியச் சாப்பாடு இங்கே டின்னர். உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி, அந்த வேகவைத்த தண்ணீரிலேயே முட்டைக்கோஸ், அப்புறம் உருளைக்கிழங்கு. நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றதும் அவருக்கு ஒரு கணம் துக்கம், கிழங்கை இரட்டிப்பாக்கிவிட்டார். தோலோடு வேகவைத்தது. நல்ல கிழங்கு வெந்ததும் தோல் வெடித்து உள்ளே மாவு மாவாகத் தெரிய வேண்டும். அதைக் கிழங்கு சிரிக்கிறது என்பார்கள். நம் ஊர் மெழுகுக் கிழங்கை அவர் கிழங்கென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தக் காலத்தில் பானையை வடித்துப் பரந்த கூடையில் கொட்டி, கூடையைப் பானை மேலேயே வைத்துச் சுற்றி உட்கார்ந்து கையால் தோல் உரித்துச் சாப்பிடுவார்களாம். நடுவில் ஒரு கிண்ணம் உப்பு, ஆளுக்கொரு குவளை மோர். தட்டு கிடையாது. எனக்கு உடனே ஒரு கட்டுச்சோற்று ஞாபகம்.

அவருக்குப் பதின்மூன்று வயதில்தான் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டம் 1946-இல் தொடங்கி ஊர் ஊராக நகர்ந்தது. அதுவரை அவர் அம்மா சட்டி ஓவனில்தான் சுட்டார். ராத்திரி தணலைச் சாம்பலால் மூடி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் படுப்பார்; காலையில் ஊதினால் நெருப்பு. "எங்க அம்மா தீப்பெட்டி வாங்கிப் பார்த்ததில்லை" என்றார், கொஞ்சம் மிகையாக. அடுப்புக் கல்லைத் துடைக்க வாத்துச் சிறகு. அது இன்னும் ஆணியில் தொங்குகிறது, இப்போது மின்சார அடுப்புக்குப் பக்கத்தில்.

மாவு பெரிய பருத்திச் சாக்கில் வரும். காலியானதும் ஆலையின் பெயர் போகும்வரை வெளுத்து நாலைந்து சாக்கைச் சேர்த்துத் தைத்தால் படுக்கை விரிப்பு. தலையணை உறை, சமையல் ஏப்ரன். "எல்லாம்" என்றார். பிறகு தங்கையைப் பார்த்துக் கண்ணடித்து, "எல்லாமும்" என்றார்.

வெண்ணெய் கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும் இரண்டு தரம் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். தபால்காரராக இருந்தாலும் சரி. கடையாமல் போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். மே முதல் தேதி பாலோ வெண்ணெயோ நெருப்போ வீட்டைவிட்டு வெளியே கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அப்பாயி மோர் கடன் கொடுக்காததைச் சொன்னேன். "பார்த்தாயா!" என்று மேஜையைத் தட்டினார்.

அப்படியானால் சின்ன வயதில் வெண்ணெய் நிறையச் சாப்பிட்டிருப்பீர்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெண்ணெயா? அது கடைக்குப் போகும். முட்டையும் போகும். அதற்குத்தான் டீயும் சர்க்கரையும் மாவும். எங்களுக்கு மோர்."

செப்டம்பர் 18, புதன். பஸ் வராத நாள்

பாக்ஸ்டி என்று ஒரு அடை: துருவிய பச்சைக் கிழங்கும் மசித்த வெந்த கிழங்கும் மாவும் மோரும் கலந்து கல்லில் சுடுவது. இதைத் தேடி வேறொரு ஊருக்குப் போகலாம் என்று தனியாகக் கிளம்பினேன். ஒன்பதே காலுக்கு என்று பலகையில் எழுதியிருந்த பஸ் பத்தேகால் வரை வரவில்லை. நிழற்குடை இல்லை. மெத்தென்ற நாள் நிஜ மழையாக மாறியது. அந்த வழியே போன ஒவ்வொரு கார்க்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னார்கள். இருபத்துமூன்று விரல் எண்ணினேன். இருபத்துநாலாவது கார் நின்றது. ஓட்டிய அம்மாள், "அது புதன்கிழமை வராதே" என்று சொல்லிப் பின்சீட்டு ஆட்டுக்குட்டித் தீவன மூட்டையைத் தள்ளி இடம் போட்டுத் தங்கை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பலகையில் ஏன் எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "எழுதியிருக்கு, ஆமாம்" என்றார்.

மத்தியானம் முழுக்கப் போர்வைக்குள். 1937 முதல் 39 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு காரியம் செய்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பள்ளி, ஐம்பதாயிரம் பிள்ளைகள். ரொட்டி, பழைய காலச் சாப்பாடு என்று தனித்தனித் தலைப்புகள். டூகஸ் என்ற இணையதளத்தில் அந்த நோட்டுப் பக்கங்களை அப்படியே பார்க்கலாம், பிள்ளைகளின் கையெழுத்தோடு. மேயோ பக்கத்து நோட்டுகளைப் புரட்டினேன். ஓட்ஸ் அடை, கிழங்கு ரொட்டி, பாக்ஸ்டி. எனக்குப் பஸ் கொடுக்காத பாக்ஸ்டி.

இந்தியன் மீல் என்று வருவதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்முடையது இல்லை. அமெரிக்கச் சோளம், மக்காச்சோள மாவு. 1845-இல் கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்ததும் லண்டன் அரசு வாங்கி இறக்கியது. சரியாக அரைக்காத கடினச் சோளம். சமைக்கத் தெரியாமல் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டது. அப்போதைய பிரதமர் பீல் பெயரைச் சேர்த்து, மஞ்சள் நிறத்தால் பீலின் கந்தகம் என்றார்கள். ரேஷன் கடையில் கோதுமையும் மைலோ சோளமும் போட்ட காலத்தைப் பற்றி எங்கள் அம்மா சொல்லும் முகம் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. இந்தச் சோடா ரொட்டி ஆதிகாலத்து ரொட்டி என்றே நினைத்திருந்தேன். சோடா உப்பு இங்கே புழக்கத்துக்கு வந்ததே 1830-களின் கடைசியிலும் 40-களிலும்தான். நம் சாம்பாரில் மிளகாய் மாதிரி, வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 19, வியாழன். டூலக்

தங்கைக்கு விடுமுறை. லூயிஸ்பர்க்கிலிருந்து லீனேன் போகும் சாலை. ஒரு பக்கம் கறுத்த ஏரி, இரு பக்கமும் மலை. மலை இடுப்புக்கு மேலே மேகத்துக்குள். வெயில் ஒரு பத்து நிமிடம் சாய்வாக அடித்தது. அப்போதுதான் சரிவுகளில் அந்தக் கோடுகள் தெரிந்தன, சீப்பால் வாரியது போல மேலிருந்து கீழாக. பழைய கிழங்குப் பாத்தி வரப்புகள். மனிதர் ஏறவே யோசிக்கும் உயரத்தில் பாத்தி. 175 வருடமாக யாரும் தொடவில்லை, புல் மூடியும் அழியவில்லை.

அந்தக் கருகல் நோய் கொண்டுவந்த பஞ்சத்துக்கு முன் உழைப்பாளி ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ கிழங்கு சாப்பிட்டிருக்கிறார். கிழங்கும் மோரும், வேறில்லை. அந்த ஒரே செடி செத்தபோது சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். 1849 மார்ச்சில் இந்தச் சாலை வழியாகத்தான் லூயிஸ்பர்க்கிலிருந்து பட்டினி மக்கள், நிவாரணத்துக்குத் தகுதியா என்று அதிகாரிகளிடம் காட்டிக்கொள்ள மழையிலும் குளிரிலும் நடத்தப்பட்டார்கள். பலர் வழியிலேயே விழுந்தார்கள். ஓரமாக ஒரு நினைவுக்கல். அதில் காந்தியின் வாசகம்: சக மனிதரைச் சிறுமைப்படுத்தி ஒருவர் எப்படிப் பெருமை கொள்ள முடியும் என்ற கேள்வி. அங்கே அதை எதிர்பார்க்கவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது, நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

போகிற வழியில் ஒரு கடையில் காய்கறி சூப்பும் இரண்டு துண்டு பழுப்பு ரொட்டியும் எட்டரை யூரோ. ஏறக்குறைய 790 ரூபாய். மனம் ரூபாயில் கணக்குப் போடுவதை நிறுத்துகிற நாள் எனக்கு இன்னும் வரவில்லை. ரொட்டி சுமார். சர்க்கரை போட்டிருந்தார்கள். பாட்டியிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும் என்பதால் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி. கார்க்

தனியாகத் தெற்கே. பஸ் மாறி மாறி முதுகு போய்விட்டது. இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள், பள்ளிப் பையன்கள் உட்பட. நானும் சொன்னேன். நம்மூர் டவுன் பஸ்ஸில் இதைச் சொன்னால் கண்டக்டர் பயந்துவிடுவார்.

ஷாண்டன் மேட்டில் வெண்ணெய் அருங்காட்சியகம். பக்கத்துத் தேவாலயக் கோபுர மணியைக் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். யாரோ ஒரு குழந்தைப் பாட்டை அரைகுறையாக முயன்றுகொண்டிருந்தார். அந்தக் கோபுரத்தின் நாலு முகத்திலும் நாலு கடிகாரம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் ஊரார் வைத்த பெயர் நாலுமுகப் பொய்யன்.

இந்தக் கார்க் வெண்ணெய்ச் சந்தை 1770-இல் தொடங்கி 1924-இல் மூடியது. சுற்று வட்டாரத்து, கெர்ரி மலைநாட்டு வெண்ணெய் எல்லாம் மரப்பீப்பாயில் குதிரை மேல் இங்கே வரும். வெண்ணெய்ச் சாலை என்றே ஒரு சாலை இருக்கிறது. பரிசோதகர் பீப்பாய்க்குள் நீளத் துளைக்கருவியை விட்டு எடுத்து, முகர்ந்து, தரம் போடுவார். அப்புறம் கப்பல். மேற்கிந்தியத் தீவுகள் வரை போயிருக்கிறது. உள்ளே ஒரு மூலையில் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்திருந்த ஆயிரம் வருடத்து வெண்ணெய்க் கலம். யார் எதற்குப் புதைத்தாரோ, எடுக்க மறந்துவிட்டார்.

அந்தத் தரச் சீட்டுகள் முன்னால்தான் பாட்டி சொன்னது மண்டைக்குள் சரியாக விழுந்தது. குத்தகை கட்ட வேண்டும். வெண்ணெய் போனால்தான் காசு. வீட்டில் மிஞ்சுவது மோர். தினமும் மிஞ்சும் அந்த மோரோடு பொட்டலத்தில் மலிவாக வந்த சோடா சேர்ந்தது. ஈஸ்ட்டும் வேண்டாம், சுவர் ஓவனும் வேண்டாம், சட்டி போதும். ரொட்டி அப்படித்தான் பிறந்திருக்கிறது. எங்கள் அப்பாயி வீட்டில் மூன்று எருமை. வெண்ணெய் வாரம் தவறாமல் கும்பகோணத்து ஓட்டலுக்குப் போகும். மோர் எங்களுக்கு. மோர்க்குழம்பு, மோர்க்களி, நீர்மோர் என்று சலிக்கச் சலிக்கச் சாப்பிட்டுவிட்டு, பால் மாடு இருந்தும் வெண்ணெய் கண்ணில் படாதது ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 21, சனி. கில்லார்னி

மக்ரஸ் பண்ணைகள் 1930-களையும் 40-களையும், கரண்டுக்கு முந்தைய காலத்தை, அப்படியே வைத்திருக்கின்றன. சின்ன வீடு, நடுத்தர வீடு, பெரிய வீடு என்று மூன்று தரப் பண்ணை. சட்டி ஓவன் நிஜமாக வேலை செய்வதை இங்கேதான் பார்த்தேன்.

அடுப்பு தரையோடு தரையாக. மேலே ஒரு இரும்புக் கை, கதவு மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும். அதில் கொக்கி, கொக்கியில் சட்டி. அடுப்படியில் இருந்த பெண்மணி இடுக்கியால் கனிந்த டர்ஃப் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடி மேல் விளிம்பை ஒட்டி வைத்தார். நடுவில் குறைவாக. ஏன் என்றேன். நடு கருகும், ஓரம் வேகாது என்றார். ஆம்பூரில் தம் போடுபவரும் இதைத்தான் சொல்வார். மூடியைத் தூக்கியதும் வந்த வாசனையை எப்படி எழுத? புகை, புளிப்பு, வறுத்த கோதுமை, அதோடு ஈர மண். ஒரு துண்டு, வெண்ணெயோடு, எல்லோருக்கும் கையில் கொடுத்தார். பாட்டியின் ரொட்டியைவிட அடி கருகல், அதனாலேயே எனக்கு இதுதான் ஒரு படி மேல். பாட்டிக்குத் தெரிய வேண்டாம்.

"தினமும் நாலு சுடுவீங்களா?" என்றேன். வீட்டில் சுடுவதே இல்லை என்று சிரித்தார். "சாயங்காலம் கடையில வாங்கிட்டுப் போவேன்."

திரும்பும்போது குதிரை வண்டிக்காரர் சொன்ன விலையில் ஒரு மாதப் பால் வாங்கலாம். நடந்தேன். பாதி வழியில் மழை. துப்பட்டாவில் டர்ஃப் புகை வாசனை இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு. தஞ்சாவூர்

ஓவன் இல்லை. பிரியாணிச் சட்டி இருந்தது. கொட்டாங்குச்சித் தணல். மைதா ரெண்டு பங்கு, கோதுமை மாவு ஒரு பங்கு, ஆப்ப சோடா உள்ளங்கையில் நுணுக்கி, வீட்டு மோர், முதல் நாளே புளிக்கவிட்டது. "அவ்வளவு மோரையும் மாவுல கொட்டிட்டியேடி" என்றார் அம்மா. பிசையவில்லை. சிலுவை போட்டேன். மூடி மேல் விளிம்பை ஒட்டித் தணல்.

கொட்டாங்குச்சி டர்ஃப் மாதிரி பொறுமையாகக் கனல்வது இல்லை, ஒரேயடியாகச் சீறிவிட்டு அடங்கிவிடுகிறது. அடி நன்றாகவே கருகியது. அப்பா கத்தியால் சுரண்டிக்கொண்டே, "உள்ள நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டார்.

தங்கை வீடியோவில் வந்தாள், பாட்டி வீட்டிலிருந்து. படத்தைப் பார்த்துப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அடியில் தட்டச் சொன்னார். போனை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னும் ஐந்து நிமிஷம் வை, பெட்."